320 கிலோபிட்டும் மூல நாடாவும்

இணையவழி இசைச் சேவைகளின் ஒலித்தரம் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஓர் எண்ணைச் சுற்றியே நடக்கிறது: நொடிக்கு எத்தனை கிலோபிட். ஸ்பாட்டிஃபையின் உயர்தரத் தேர்வு 320. ஆப்பிள் மியூசிக்கின் வழக்கமான கோப்பு 256. யூடியூப் மியூசிக்கில் சந்தா கட்டியவருக்கு அதிகபட்சம் 256. ஜியோசாவனின் கட்டணச் சந்தாவில் 320. இவற்றுக்கு மேல்படியில், இழப்பில்லா ஒலி என்ற பெயரில், குறுந்தகட்டின் 1,411 கிலோபிட்டும் அதையும் தாண்டி 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று குறிக்கப்படும் கோப்புகளும் நிற்கின்றன. இந்த எண்கள் எதுவும் பொய்யல்ல. ஆனால் பாடகரின் தொண்டையிலிருந்து கேட்பவரின் காது வரை ஒலி கடக்கும் நீண்ட வழியில் ஒரே ஒரு கட்டத்தைத்தான் இவை அளக்கின்றன. தமிழ்ப் பாட்டைப் பொறுத்தவரை, குறிப்பாகப் பழைய பாட்டைப் பொறுத்தவரை, சேதத்தில் பெரும்பகுதி அந்தக் கட்டத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

ஒப்பீட்டின் அளவுகோலாக இன்றும் இருப்பது குறுந்தகடு. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த அந்த வடிவம் 1982இல் சந்தைக்கு வந்தது. ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதி, இடம் வலம் என்ற இரண்டு தடங்களுக்கும் அதையே செய்தால் நொடிக்கு 14,11,200 பிட் சேரும். 1,411 கிலோபிட் என்ற எண் வருவது இந்தப் பெருக்கலிலிருந்துதான். 44,100 என்ற வீதத்துக்கு அடிப்படை மனிதச் செவி. நல்ல செவிக்கு எட்டும் மேல் எல்லை ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் இறங்கிக்கொண்டே வரும். ஓர் அலையை முழுமையாக மீட்டெடுக்க, அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் போதும் என்பது ஹாரி நைக்விஸ்ட் 1928இல் அடிகோலி கிளாட் ஷானன் 1949இல் நிறுவிய கணிதம். மாதிரிக்கும் மாதிரிக்கும் நடுவே இருந்த ஒலி தொலைந்துபோகிறது என்ற எண்ணம் இசைப்பிரியர்களிடையே பரவலாக உண்டு. அது தவறு. எல்லைக்குள் அடங்கிய அலையின் இடைப்பட்ட வளைவு முழுவதும் அந்த மாதிரிகளிலிருந்தே திரும்பக் கிடைத்துவிடும். 16 பிட் தரும் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 96 டெசிபெல். அமைதியான அறையின் இரைச்சலுக்கும் காது வலிக்கும் சத்தத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அது ஏறக்குறைய நிரப்பிவிடும். ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை நடக்கும்போது 24 பிட் அவசியம். பதிவு அளவைக் கூட்டிக் குறைக்கவும் பல தடங்களைக் கலக்கவும் அந்தக் கூடுதல் இடம் வேண்டும். வேலை முடிந்த பாட்டை வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கு 16 பிட் போதும்.

சிக்கல் அளவில்தான் இருந்தது. குறுந்தகட்டுக் கணக்கில் ஒரு நிமிட இசைக்கு 10 மெகாபைட்டுக்கு மேல் ஆகும். 1990களின் இறுதியில் 56 கிலோபிட் மோடம் முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு நிமிடப் பாட்டை இறக்க 25 நிமிடம் பிடித்திருக்கும். ஒலியைச் சுருக்காமல் இணையத்தில் இசைக்கு வழியே இல்லை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவர் குழுவினரும் இதற்குக் கண்ட வழிதான் எம்பி3. கோப்புகளின் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகள் ஒட்டிக்கொண்டது 1995 ஜூலையில். அதன் பிறகு வந்த ஏஏசி, ஆக் வோர்பிஸ், ஓபஸ் ஆகியவையும் அதே அடிப்படையில் நிற்பவை.

அந்த அடிப்படை, செவியின் ஒரு பலவீனம். ஓர் ஒலி உரக்க இருக்கும்போது அதன் அண்டைச் சுருதிகளில் மெல்ல ஒலிப்பது காதில் விழாது. நாகஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஓங்கி நிற்கும் நேரத்தில் அதை ஒட்டிய அதிர்வெண்ணில் யாரோ இருமினால் அது பதிவில் இருக்கும், கேட்பவருக்கு இருக்காது. பலத்த அடி ஒன்று விழுந்த மறுகணமும், மிகக் குறுகிய அளவில் அதற்கு முந்தைய கணமும், இப்படியே மறைக்கப்படுகின்றன. சுருக்கும் நிரல் ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எது கேட்கும், எது கேட்காது என்று கணக்கிட்டு, கேட்காது என்று முடிவானதற்குப் பிட் ஒதுக்காமல் விட்டுவிடுகிறது. வேண்டாததை எறிந்துவிடுகிறது என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. கேட்கிற ஒலியையும் அது கரடுமுரடாகவே எழுதுகிறது; அப்படி எழுதுவதால் எழும் இரைச்சலை உரத்த ஒலிகளின் அடியில் ஒளித்துவைக்கிறது. நொடிக்கு ஒதுக்கிய பிட் போதாதபோது அந்த இரைச்சல் ஒளிந்திருக்க முடியாமல் வெளியே தலைகாட்டுகிறது.

எந்த இசையில் அது முதலில் வெளியே தெரியும் என்பது நம் இசைக்கு நெருக்கமான செய்தி. எம்பி3 உருவான காலத்தில் பிராண்டன்பர்க் சோதனைக்கு எடுத்துக்கொண்ட பாடல்களில் புகழ்பெற்றது சுசான் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’. பக்கவாத்தியம் ஏதுமில்லாத ஒற்றைக் குரல் அது. பெரிய வாத்தியக் குழுவில் இரைச்சலை ஒளிக்க ஆயிரம் இடம் உண்டு. தனிக் குரலில் ஒளிக்க இடமில்லாததால் தொடக்ககால நிரல்கள் அதில் தடுமாறின. தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு பாடப்படும் ஆலாபனை இந்த வகையில் இன்னும் கடினமான தேர்வு. தம்புராவின் தந்திக்கு அடியில் வைக்கும் நூல் எழுப்பும் ஜீவாவில், உபசுருதிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலெழுந்து, மங்கி, மறுபடி எழுகின்றன. அது இரைச்சலைப் போல அடர்த்தியானது. ஆனால் இரைச்சல் அல்ல. குறைந்த பிட்வீதத்தில் நிரல் அந்த மேல் உபசுருதிகளை விட்டுவிட்டு எழுதும்போது தம்புரா நீருக்கடியில் மீட்டப்படுவதுபோல ஆகிவிடும்.

தாள வாத்தியங்களில் பிரச்சினை வேறு வகை. சுருக்கும் நிரல் ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துக்கொள்கிறது. ஏஏசியில் ஒரு துண்டு 1,024 மாதிரிகள். குறுந்தகட்டு வீதத்தில் அது ஏறக்குறைய 23 மில்லி நொடி. எழுதும்போது எழும் இரைச்சல் அந்தத் துண்டு முழுவதும் பரவும். கஞ்சிராவின் ஓர் அடியோ மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் ‘நம்’ என்ற சொல்லோ துண்டின் கடைசியில் வந்தால், அடிக்கு முன்னிருந்த அமைதியிலும் அந்த இரைச்சல் பூசப்பட்டுவிடும். அடி விழுவதற்குச் சற்று முன்பே அதன் நிழல் கேட்கும். முன் எதிரொலி எனப்படும் இந்தக் குறையைத் தவிர்க்க, திடீர் அடியைக் கண்டதும் நிரல் 128 மாதிரிகள் கொண்ட குட்டித் துண்டுகளுக்கு மாறுகிறது. அப்படி மாறுவதற்குக் கூடுதல் பிட் வேண்டும். 96 கிலோபிட்டில் அதற்கு வசதி இல்லை. ஜால்ரா, கைதட்டல், கஞ்சிரா மூன்றும் சேர்ந்து ஒலிக்கும் பஜனைப் பதிவு ஒன்றை அந்த வீதத்தில் கேட்டால் இந்தக் குறை யாருக்கும் பிடிபடும்: ஜால்ராவின் ‘ணங்’ கரைந்து ‘ஸ்ஸ்’ என்று வழிகிறது; கைதட்டல் மணல் சலிப்பதுபோல் ஆகிறது. அதே பதிவை 256 அல்லது 320 கிலோபிட்டில், இன்றைய தேர்ந்த நிரல் ஒன்றால் சுருக்கினால், பழகிய காதுகூடக் குறையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

சேவைகள் இந்தப் படிகளில் ஏறியது மெதுவாகத்தான். ஆப்பிள் 2003இல் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தபோது விற்றது 128 கிலோபிட் ஏஏசி. 2007இல் அது 256 ஆக உயர்ந்தது. ஆப்பிளின் இழப்புள்ள கோப்பு இன்றும் அங்கேயே நிற்கிறது. ஸ்பாட்டிஃபை 2008 அக்டோபரில் ஸ்வீடனிலிருந்து கிளம்பி, ஆக் வோர்பிஸை எடுத்துக்கொண்டு, 320 வரை வந்தது. குறுந்தகட்டுத் தரத்தையே தன் அடையாளமாக்கிக்கொண்டது பிரான்சின் கோபஸ். 2014இல் தொடங்கி அடுத்த ஆண்டு ராப் பாடகர் ஜே-ஸீயின் கைக்குப் போன டைடல், இழப்பில்லா ஒலிக்கு இரட்டிப்புச் சந்தா வாங்கியது. அமேசான் 2019இல் அதைவிடக் குறைந்த விலையில் நுழைந்தது. 2021 மே மாதத்தில் ஆப்பிள் தன் தொகுப்பு முழுவதையும் கூடுதல் கட்டணமின்றி இழப்பில்லா வடிவில் தரப்போவதாக அறிவித்ததும், அமேசானும் தனிக் கட்டணத்தைக் கைவிட்டது. அந்த மாதத்தோடு, உயர்தர ஒலிக்குத் தனி விலை என்ற வியாபாரம் ஏறக்குறைய முடிந்துபோனது. ஸ்பாட்டிஃபை 2021 பிப்ரவரியில் அறிவித்த இழப்பில்லா ஒலி, நான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு 2025 செப்டம்பரில்தான், 24 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸில், ஃப்ளாக் என்ற இழப்பில்லாக் கோப்பு வடிவில், நாடு நாடாகச் சந்தாதாரர்களுக்கு வரத் தொடங்கியது. அதுவரை அந்தச் சேவையில் கோடிக்கணக்கானோர் 320ஐ வைத்தே நிறைவாகக் கேட்டார்கள் என்பதும் அது போதும் என்பதற்கு ஒரு சான்றுதான்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஓர் அத்தியாயம் எம்க்யூஏ. பாப் ஸ்டூவர்ட் 2014இல் முன்வைத்த இந்த வடிவம், உயர் அதிர்வெண் தகவலைச் சிறிய கோப்புக்குள் மடித்துவைத்து, கலைஞர் ஒப்புக்கொண்ட மூலத்தையே கேட்பவரிடம் சேர்ப்பதாகச் சொல்லிக்கொண்டது. டைடல் அதைத் தன் உச்சத் தரமாக வைத்து விற்றது. உண்மையில் அது இழப்புள்ள வடிவம். அதன் உள்வேலை மூடிவைக்கப்பட்டிருந்ததால் வெளியார் எளிதில் சோதித்துப்பார்க்கவும் முடியவில்லை. 2023இல் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2024 ஜூலையில் டைடல் அதைக் கழற்றிவிட்டு, எவரும் திறந்து பார்க்கக்கூடிய ஃப்ளாக்குக்கு மாறியது. ஒலித்தரத்தில் சோதிக்க முடியாத வாக்குறுதிக்குக் காசு கொடுக்கக் கூடாது. இதைச் சந்தாதாரர்கள் முன்பே உணர்ந்திருக்க வேண்டும்.

இழப்பில்லா ஒலிக்கு மேலே உள்ள படிகள் காதுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை அடக்கமானது. பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் 2007இல் ஒலிப் பொறியியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவின் நடுவே குறுந்தகட்டுத் தர மாற்றி ஒன்றைச் செருகியபோதும் கேட்டவர்களால் சாதாரணச் சத்த அளவில் வேறுபாட்டைச் சொல்ல முடியவில்லை. 2016இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, சரியாகக் கண்டுபிடித்த விகிதம் 52.3 விழுக்காடு என்று வந்தது. காசு சுண்டிப்போட்டால் 50 வரும். பயிற்சி பெற்ற காதுகளில் விகிதம் கணிசமாக உயர்ந்தது. ஆக, வேறுபாடு அறவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஒரு சேவையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் அளவுக்கு அது பெரியதும் அல்ல.

அப்படியானால் ஒரே பாட்டு ஒரு சேவையில் துலக்கமாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் கேட்பது ஏன்? பெரும்பாலும் சத்த அளவால். இரண்டு ஒலிகளில் ஒன்று ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தாலும் காது அதை உரத்தது என்று உணராமல் நல்லது என்று உணர்கிறது. சேவைகள் பாட்டுக்குப் பாட்டு சத்தம் மாறாமலிருக்க ஒரு பொது அளவுக்குச் சரிசெய்து ஒலிக்கவிடுகின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான இலக்கு, சத்தத்தை அளக்கும் எல்யுஎஃப்எஸ் என்ற அலகில், -14 என்றால், ஆப்பிளின் சவுண்ட் செக் -16 அருகில் நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு ஸ்பாட்டிஃபை உயிரோட்டமாகத் தோன்றுவது இந்த இரண்டு அலகு வேறுபாட்டால் இருக்கலாம். நேர்மையான ஒப்பீட்டுக்கு இந்தச் சரிசெய்தலை அணைத்துவிட்டு, சத்தத்தைக் கருவியால் சமப்படுத்தி, எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். ஃபூபார்2000 போன்ற இலவச நிரல்களில் இந்தக் குருட்டுச் சோதனைக்கு வசதி இருக்கிறது. சேவைகளை ஒப்பிட்டு எழுதப்படும் விமர்சனங்களில் இந்தச் சோதனையைச் செய்யாதவற்றைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

கேட்கும் கருவியின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புளூடூத் இயர்போனுக்கு ஒலி போகும் வழியில் மறுபடியும் சுருக்கப்படுகிறது. எல்லாக் கருவிகளிலும் இருக்கும் எஸ்பிசி என்ற சுருக்குமுறை நடைமுறையில் 328 கிலோபிட் வரை செல்லும். சோனியின் எல்டாக் மிக உயர்ந்த நிலையில் 990. ஐபோனில் எல்டாக் கிடையாது. ஆகவே இழப்பில்லா சந்தாவை வாங்கிச் சாதாரணப் புளூடூத்தில் கேட்பவருக்கு வந்து சேர்வது இழப்புள்ள ஒலிதான். டால்பி அட்மாஸ் என்ற சூழொலியும் இந்த வகையில் சேரும். ஆப்பிள் மியூசிக்கில் அது இழப்பில்லா ஒலியோடு ஒரே நாளில் அறிமுகமானதால் இரண்டும் ஒன்றென்று பலர் நினைத்துவிட்டார்கள். ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மாஸ் 768 கிலோபிட்டுக்குள் அடங்கும் இழப்புள்ள கோப்பு. அதன் சிறப்பு புதிதாகக் கலந்த கலவையில் இருக்கிறது; கலவை மோசமானால் அட்மாஸும் மோசமே. தெருவில், பேருந்தில் கேட்பவர் செலவழிக்கக்கூடிய பணத்தை முதலில் நல்ல ஹெட்போனில் போடுவதே சரி. எந்தச் சந்தா உயர்வும் அந்த அளவு மாற்றத்தைத் தராது.

ஆனால் இந்தப் பேச்சில் குறைவாகக் கவனிக்கப்படுவது மூலப் பிரதி. ஒரு பாட்டை எல்லாச் சேவைகளுக்கும் கொடுப்பது அதன் உரிமையை வைத்திருக்கும் லேபிள். கொடுப்பதும் பெரும்பாலும் ஒரே கோப்பை. அந்தக் கோப்பு ஒன்றே என்றால், இழப்பில்லா நிலையில் ஆப்பிளும் அமேசானும் டைடலும் தருவது பிட்டுக்குப் பிட் ஒன்றேதான். அப்போது சேவைகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கோப்பு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பது.

தமிழ்த் திரைப்பாட்டின் முதல் சில பத்தாண்டுகள் 78 சுற்று இசைத்தட்டில் இருக்கின்றன. 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்தின் எம். கே. தியாகராஜ பாகவதர் பாட்டுகள் அப்படித்தான் வீடுகளை அடைந்தன. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அதன் அதிர்வெண் எல்லை, குறுந்தகட்டின் எல்லையில் பாதியைக்கூட எட்டாது. மேலே இருப்பது ஊசியின் உரசல் மட்டும். அப்படிப்பட்ட பதிவை 192 கிலோஹெர்ட்ஸில் எழுதினால் உரசல்தான் துல்லியமாகும். அதற்குப் பதில், தேயாத தட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, காடிக்குப் பொருந்தும் ஊசியால், சரியான வேகத்தில் ஓட்டி எடுத்தால், வெறும் 128 கிலோபிட்டில் கேட்டாலும் பாகவதரின் குரல் முன்னால் வந்து நிற்கும்.

வேகம் என்பது இங்கே சிறிய விஷயமல்ல. தட்டோ நாடாவோ 6 விழுக்காடு வேகமாக ஓடினால் பாட்டு அரைச் சுருதி ஏறிவிடும். ஐந்து கட்டையில் பாடியது ஐந்தரைக் கட்டையில் கேட்கும். குரலின் கனம் குறைந்து, பாடியவருக்கு வயது குறைந்ததுபோல் தோன்றும். பழைய பாட்டுகளின் இணையப் பிரதிகளில் சுருதி ஏறியோ இறங்கியோ இருப்பது அரிதல்ல. ஒரே பாட்டின் இரண்டு பிரதிகள், இரண்டு தொகுப்புகளின் பெயரில், இரண்டு சுருதிகளில் ஒரே சேவையில் கிடப்பதைச் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு யாரும் சரிபார்க்கலாம். இழப்பில்லா முத்திரை இரண்டுக்கும் ஒன்றுபோலக் குத்தப்பட்டிருக்கும்.

கேசட் காலம் இன்னொரு அடுக்கைச் சேர்த்தது. ஒலிப்பதிவுக்கூடத்தின் ஸ்பூல் நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடியது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். எட்டில் ஒரு பங்கு வேகம், கால் அங்குலத்துக்கும் குறைவான அகலம், அதிலும் இரண்டு பக்கங்கள். உயர் அதிர்வெண்கள் தேய்ந்து, நாடாவின் இரைச்சல் எழுந்து நிற்கும். இளையராஜாவின் 1980களின் பாட்டுகள் பெரும்பாலான தமிழ் வீடுகளுக்குப் போனது கேசட்டாகத்தான். அந்தப் பாட்டுகளில் சில இன்று சேவைகளில் ஒலிப்பதைக் கேட்டால், ஸ்பூலிலிருந்து எடுத்ததா, கேசட்டிலிருந்தோ தட்டிலிருந்தோ எடுத்ததா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. வயலின் கூட்டத்தின் மேல் விளிம்பு மழுங்கியிருக்கும். தாளத்தட்டின் ஓசை ஒரு கணம் மின்னிவிட்டு அணைந்துவிடும். இரண்டாவது டிகாஷனை வெள்ளி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாலும் அது இரண்டாவது டிகாஷன்தான்.

சந்தேகத்தைக் கண்ணால் தீர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. கையில் இருக்கும் கோப்பை ஆடாசிட்டி போன்ற இலவச நிரலில் திறந்து அலைநிறமாலைக் காட்சிக்கு மாற்றினால், கிடைமட்டத்தில் நேரமும் செங்குத்தில் அதிர்வெண்ணும் நிறங்களாக விரியும். நல்ல ஸ்பூலிலிருந்து எடுத்த பதிவில் நிறம் மேலே போகப்போக மெல்ல மங்கி, 20 கிலோஹெர்ட்ஸ் அருகே கரைந்துபோகும். 128 கிலோபிட் எம்பி3 ஒன்றை விரித்து இழப்பில்லா கோப்பாகச் சேமித்திருந்தால், 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் அறுத்ததுபோல் ஒரு நேர்க்கோடு தெரியும். அதற்கு மேல் வெறும் கருமை. கோப்பின் அளவு பெரிதாக இருக்கும், அதன் பெயர் ஃப்ளாக் என்றிருக்கும், உள்ளே இருப்பது எம்பி3. தொலைந்த தகவலை எந்த வடிவ மாற்றமும் திருப்பித் தருவதில்லை. குறுந்தகடாக வந்த சில தொகுப்புகளிலேயே இந்த அறுப்பு தென்படுவதால், இங்கே குற்றம் சேவையுடையது அல்ல, கோப்பைத் தயாரித்தவருடையது.

இரைச்சலை நீக்குகிறோம் என்ற பெயரில் நடப்பது இதைவிட வருத்தம் தருவது. கணினி நிரல் நாடாவின் ‘ஸ்ஸ்’ ஒலியையும் தம்புராவின் மேல் உபசுருதிகளையும் பிரித்தறியாது. இரண்டும் மெல்லிய, தொடர்ச்சியான, உயர் அதிர்வெண் ஒலிகள். நீக்கும் அளவைச் சற்றே கூட்டினாலும் தம்புரா, வயலின் வில்லின் உரசல், பாடகர் மூச்சிழுக்கும் ஓசை எல்லாம் சேர்ந்தே போய்விடும். அரங்கின் காற்று போய், குரல் ஒரு வெற்றிடத்தில் தொங்கும். பழைய கச்சேரிப் பதிவுகளில் இரைச்சலோடு இருப்பதே பல நேரங்களில் சிறந்த பிரதி. கச்சேரித் தொகுப்புகளுக்குச் சேவைகள் செய்யும் தீங்கு இன்னொன்று: ஆலாபனை ஒரு தடம், கீர்த்தனை ஒரு தடம், தனி ஆவர்த்தனம் ஒரு தடம் என்று வெட்டும்போது, இடைவெளியின்றி ஒலிக்கவிடும் வசதி சரியாக இயங்காவிட்டால் தம்புரா அறுந்து மறுபடி தொடங்கும். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதியை நடன விருந்துக்கு வைத்துக்கொண்டு, கச்சேரி கேட்கும்போது அணைத்துவிட வேண்டும்.

1990களுக்குப் பிறகு வந்த பாட்டுகளில் மூலப் பிரதி பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. 1992இல் ‘ரோஜா’ வந்த காலத்தில் குறுந்தகடும் கணினியும் இங்கே வேர்விடத் தொடங்கிவிட்டன. அங்கே வேறொரு நோய் பரவியது. வானொலியிலும் செல்பேசியிலும் பக்கத்துப் பாட்டைவிட உரக்க ஒலிக்க வேண்டும் என்று மாஸ்டரிங் எனும் இறுதிச் சீரமைப்பில் மெல்லிய இடங்களை மேலே தூக்கி, உச்சங்களை நசுக்கினார்கள். உலகம் முழுதும் நடந்த இந்தச் சத்தப் போட்டியில் தமிழ்ப் பாட்டும் கலந்துகொண்டது. பழைய பாட்டுகளின் ‘ரீமாஸ்டர்’ பதிப்புகளிலும் இந்த நசுக்கல் புகுந்தது. சேவைகள் சத்தத்தைப் பொது அளவுக்குக் கொண்டுவரத் தொடங்கிய பின் இந்தப் போட்டிக்கே பொருளில்லாமல் போய்விட்டது. நசுக்கிய பாட்டை நிரல் தானாகவே இறக்கிவிடுகிறது. அப்போது அது உரக்கவும் ஒலிப்பதில்லை, மூச்சுவிடவும் இடமிருப்பதில்லை. நசுக்காத பழைய குறுந்தகட்டுப் பதிப்பும் அதே சேவையில் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. அதன் பிட்வீதம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

எனவே ஒப்பீட்டைப் பற்றிய முடிவு இது. சந்தா கட்டிக் கேட்பவருக்கு 256 அல்லது 320 கிலோபிட் தரும் எந்தச் சேவையும் போதுமானது. இழப்பில்லா ஒலி கூடுதல் கட்டணமில்லாமல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். 192 கிலோஹெர்ட்ஸுக்காகச் சேவை மாற வேண்டியதில்லை. தொடக்கத்தில் சேவை தானாக வைத்திருக்கும் தர அமைப்பையும், செல்பேசித் தரவைச் சேமிக்கும் தேர்வையும் ஒருமுறை திறந்து பார்த்து மாற்றிக்கொள்வது எல்லாருக்கும் பயன்படும். அந்த அமைப்பு தெரியாமலே குறைந்த தரத்தில் கேட்பவர்கள் நிறைய. இதற்கு மேல் சேவைகளிடம் கேட்க வேண்டியது எண்ணை உயர்த்துவதை அல்ல. ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் அது எந்த மூலத்திலிருந்து, எந்த ஆண்டில், எந்த வீதத்தில் மின்மயமாக்கப்பட்டது என்று எழுதச் சொல்ல வேண்டும். புத்தகத்துக்குப் பதிப்பாண்டு போடுவது எவ்வளவு இயல்போ அவ்வளவு இயல்பாக இதுவும் ஆக வேண்டும். 24 பிட் மூலத்திலிருந்து தயாரான கோப்புகளுக்கு ஆப்பிள் தனி முத்திரை இடுகிறது. விரும்பினால் முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

பெரிய பொறுப்பு லேபிள்களுடையது. சேவைகள் வரும், போகும். 2014இல் வந்த ஏர்டெல்லின் விங்க் 2024இல் மூடப்பட்டுவிட்டது. பாட்டின் உயிர் லேபிள்களின் கிடங்கில் இருக்கும் நாடாவில் இருக்கிறது. நாடா நிரந்தரமானது அல்ல. அசிடேட் நாடாக்கள் காலப்போக்கில் வினிகர் வாடையடித்துச் சுருங்கும். 1970களிலும் 80களிலும் வந்த சில வகை நாடாக்களின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, மிதமான சூட்டில் உலர்த்தாமல் ஓட்டவே முடியாதபடி ஆகிவிடும். சென்னையின் ஈரக்காற்று இதற்கு உதவி செய்வதில்லை. நாடாவை ஓட்டத் தெரிந்த பொறியாளர்களும், ஓட்டும் எந்திரங்களுக்கான உதிரிப் பாகங்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள், வருகின்றன. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய இசைத்தட்டுகள் பாதுகாக்கப்படுகின்றன. தனியார் சேகரிப்பாளர்கள் சொந்தச் செலவில் தேயாத தட்டுகளைக் காப்பாற்றிவைத்திருக்கிறார்கள். மூல நாடா கிடைக்காத பாட்டுக்கு அந்தத் தட்டுகளே மூலம். உரிமை வைத்திருப்பவர்கள் அவர்களோடு சேர்ந்து, சரியான வேகத்தில், இரைச்சலை நீக்காமல், 24 பிட்டில் ஒரு முழுப் படியெடுப்பை இப்போதே செய்ய வேண்டும். ஒருமுறை அது நடந்துவிட்டால், எந்தச் சேவை எத்தனை கிலோபிட்டில் கொடுத்தாலும் கேட்கத் தகுந்ததாக இருக்கும்.